ஊதாப் பொத்தானின் வயது

ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில், ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று சுற்றிச் சுற்றிக் கராஜ் கதவு திருத்துவதுதான் என் தொழில். அழைப்பவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். "தம்பி, ரிமோட்டை அமத்தினா கதவு திறக்குதில்லை. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?" என்பார்கள். நான் உடனே நாள் குறிப்பதில்லை. "அன்ரி, மோட்டர்ப் பெட்டியில வயர் ஒண்டு வால் மாதிரித் தொங்கும். அந்தப் பக்கத்தில ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அது என்ன நிறம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்பேன்.

இங்குள்ள வீடுகளில் அதிகம் காண்பது லிஃப்ட்மாஸ்டர், சேம்பர்லின் பெட்டிகள். இரண்டும் ஒரே நிறுவனத்தின் பெயர்கள். அவற்றில் ரிமோட்டைப் பதிவு செய்யும் அந்தப் பொத்தான் பச்சை என்றால் பெட்டி 1990களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. செம்மஞ்சள் அல்லது சிவப்பு என்றால் ஏறக்குறைய 1997 முதல் 2005 வரை. ஊதா 2005க்குப் பிந்தியது. மஞ்சள் 2011 முதல் வருவது. நிறம் தெரிந்தால் அலைவரிசை தெரியும், எந்த ரிமோட் பொருந்தும் என்று தெரியும், எந்தப் பாகம் களைத்திருக்கும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

அந்தப் பெட்டிக்குள் சும்மா வைத்த பாகம் எதுவுமில்லை. ஒவ்வொன்றும் முன்னர் நடந்த ஒரு கோளாறுக்கோ, திருட்டுப் பயத்துக்கோ, சாவுக்கோ பதிலாக வந்து சேர்ந்தது. எது எதற்காக வந்தது என்று தெரிந்தவனுக்குப் பழுது சீக்கிரம் பிடிபடும். எங்கள் தொழிலுக்கு வருகிற இளைஞர்களிடம் நான் மின்சுற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த வரலாற்றைத்தான் சொல்கிறேன்.

கார் வந்த புதிதில் அது குதிரை வண்டி நின்ற கொட்டிலில்தான் நின்றது. கொட்டிலின் கதவு இரட்டைக் கதவு, கீலில் வெளிப்பக்கமாகத் திறப்பது. பனி கொட்டினால், அதை வாரி ஒதுக்காமல் கதவை அசைக்க முடியாது. 1921-இல் அமெரிக்கரான சி. ஜி. ஜான்சன், கதவைப் பல கிடைத் துண்டுகளாக்கி, அவற்றைக் கீல்களால் இணைத்து, இரு பக்கமும் ரெயில் வைத்து, கதவு மேலே ஏறி முகட்டோடு படுக்கும்படி செய்தார். மாதிரிக் கதவொன்றைத் தன் ஃபோர்ட் மாடல் டி காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் விற்பனையாளர்களைப் பிடித்தார் என்று அவர் தொடங்கிய ஓவர்ஹெட் டோர் நிறுவனத்தார் சொல்கிறார்கள். 1926-இல் அதே ஜான்சன் மின்சாரத்தால் கதவைத் தூக்கும் கருவியையும் கொண்டுவந்தார். பலசாலி அல்லாதவரும் கனமான கதவைத் தூக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஆனால் கதவைத் தூக்குவது மோட்டர் அல்ல. இதைப் புரிந்துகொள்ளாத வீட்டுக்காரர் இரண்டு முறை காசு செலவழிப்பார்.

இரண்டு கார் அகலமுள்ள இரும்புக் கதவு 150, 200 இறாத்தல் கனக்கும். அந்தக் கனத்தைச் சுமப்பது கதவுக்கு மேலே தண்டொன்றில் முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். கதவு இறங்கும்போது அது முறுகிச் சக்தியைச் சேமிக்கிறது. ஏறும்போது அந்தச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கிறது. மோட்டருக்கு மிஞ்சுவது சிறிய தள்ளுதல்தான். ஆகவே எந்தப் பழுதென்றாலும், கதவை மூடிய நிலையில் வைத்துவிட்டுச் சிவப்புக் கயிற்றை இழுத்து, மோட்டரைக் கதவிலிருந்து பிரித்து, கையால் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுப்பளவு உயரத்தில் விட்டால் கதவு அங்கேயே நிற்க வேண்டும். கீழே விழப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தூக்கவே முடியவில்லை என்றால் அநேகமாக அது உடைந்திருக்கிறது. மேலே பார்த்தால் சுருளின் நடுவில் இரண்டு விரல் இடைவெளி தெரியும்.

சாதாரண ஸ்பிரிங்கை 10,000 தடவை ஏறி இறங்கத்தான் கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளொன்றுக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடம். ஒரே காலத்தில் கட்டிய தெருவில் ஒரு வீட்டில் உடைந்தால், அடுத்த ஓரிரு பனிக்காலங்களில் பக்கத்து வீடுகளிலிருந்தும் அழைப்பு வரும். குளிர் கடுமையான காலையில்தான் பெரும்பாலும் உடைகிறது. துப்பாக்கி வெடித்ததுபோல் சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள். போர்க்காலத்தில் வளர்ந்த நம்மவர் சிலர் அந்தச் சத்தத்தில் நிலத்தில் படுத்துவிட்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முறுக்கிய ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் யாரும் தொடக்கூடாது. அதைத் தளர்த்துவதற்கென்றே இரும்புக் கம்பிகள் உண்டு. திருப்புளியைச் செருகிக் கழற்றப் பார்த்துக் கை முறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

மோட்டர் உறுமுகிறது, சங்கிலி நகரவில்லை, பெட்டிக்குக் கீழே வெள்ளைத் தூள் கொட்டியிருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் நைலோன் பற்சில்லு தேய்ந்துபோய்விட்டது. விலை குறைந்த பாகம், மாற்றுவதும் கடினமில்லை. ஆனால் அது ஏன் தேய்ந்தது என்று கேட்க வேண்டும். ஸ்பிரிங் சுமக்க வேண்டிய கனத்தைப் பல மாதங்களாக அந்தச் சில்லு சுமந்திருக்கும். ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் சில்லை மட்டும் மாற்றினால் அடுத்த வருடமும் அதே தூள் கொட்டும். மோட்டர் உறுமியும் உள்ளே எதுவுமே சுழலவில்லை என்றால் கப்பாசிட்டரைப் பார்க்க வேண்டும். அது வேறு கதை.

வானொலி அலையால் கதவு திறப்பது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். 1950களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் புறநகர்கள் பெருகின. கொட்டில் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. கார் இல்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத தெருக்கள் உருவாகின. ஒஹாயோ மாநிலத்தின் அலையன்ஸ் நகரில் இயங்கிய நிறுவனம் 1954-இல் ஜீனி என்ற பெயரில் வானொலியால் இயங்கும் கதவுப் பெட்டியை, அதாவது ஓப்பனரை, திரளாகச் செய்து விற்கத் தொடங்கியது. காரில் இருந்தபடியே, மழையில் நனையாமல் உள்ளே போகலாம்.

அந்த ஆரம்பக்கால ரிமோட்டுகள் ஓர் அலைவரிசையில் ஒரு சைகை அனுப்பும், அவ்வளவுதான். தெருவில் இரண்டாவது வீட்டுக்காரரும் அதே பெட்டியை வாங்கினால் அவர் அமத்த இவர் கதவு திறக்கும். இதற்குப் பதிலாக வந்தவைதான் ரிமோட்டுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு சுவிட்சுகள். எட்டு சுவிட்ச் என்றால் 256 சேர்க்கை, பன்னிரண்டு என்றால் 4,096. அயலவர் தொல்லை தீர்ந்தது, திருடன் தொல்லை தீரவில்லை. ஒரே எண்ணை ஒவ்வொரு தடவையும் அனுப்புவதால், காற்றில் அதைப் பதிவுசெய்து மறுபடி அனுப்பினால் போதும். 2015-இல் சாமி காம்கர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர், சிறுமிகளுக்கென மட்டெல் நிறுவனம் விற்ற குறுஞ்செய்தி விளையாட்டுப் பொருளைக் கொஞ்சம் மாற்றியமைத்து, இப்படிப்பட்ட நிலையான எண் கொண்ட கதவுகளைப் பத்து வினாடிக்குள் திறக்கலாம் என்று காட்டினார். எல்லாச் சேர்க்கைகளையும் தனித்தனியாக அனுப்பாமல், ஒன்றின் வால் அடுத்ததன் தலையாகும்படி கோத்து அனுப்பினார். அந்தக் கோர்வை டி புரூய்ன் என்ற டச்சுக் கணிதரின் பெயரால் அறியப்படுவது. உங்கள் ரிமோட்டைத் திறந்து உள்ளே அந்தச் சுவிட்ச் வரிசையைக் கண்டால், பழுது இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

1990களில் வந்த புதிய முறையில், ஒவ்வொரு தடவை அமத்தும்போதும் எண் மாறுகிறது. பெட்டிக்கும் ரிமோட்டுக்கும் மட்டுமே அடுத்த எண் தெரியும். அதனால்தான் ரிமோட்டைப் பெட்டியில் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. செம்மஞ்சள் பொத்தான் பெட்டிகள் 390 மெகாஹேர்ட்ஸில் கேட்டன. 2001க்குப் பிறகு அமெரிக்க இராணுவம் தன் முகாம்களில் புதிய வானொலிகளைப் பொருத்தத் தொடங்கியது. அவை 380-க்கும் 400-க்கும் இடைப்பட்ட அதே பட்டையில் இயங்கின. பட்டை உலகப் போர்க் காலத்திலிருந்தே இராணுவத்துக்குரியது. உரிமம் இல்லாமல் சின்ன சக்தியில் அதில் ஒதுங்கியிருந்தவை கராஜ் ஓப்பனர்கள். முகாம்களைச் சுற்றியுள்ள ஊர்களில் கதவுகள் திறக்க மறுத்தன. 2005 நவம்பரில் நம் ஒட்டாவாவிலும் இதே நடந்தது. 390 மெகாஹேர்ட்ஸில் பலமான சைகையொன்று நகரத்துக் கதவுகளை முடக்கியது. அமெரிக்கத் தூதரகத்தின்மேல் சந்தேகம் எழுந்தது, தூதரகம் மறுத்தது, சைகையும் நின்றுவிட்டது. ஊதாப் பொத்தான் 315 மெகாஹேர்ட்ஸுக்கு மாறியது இந்தக் காலத்தில்தான். மஞ்சள் பொத்தான் ஒரே சமயத்தில் மூன்று அலைவரிசைகளில் பேசுகிறது.

இன்று இராணுவத்தைவிட அதிகம் குழப்புவது பெட்டியில் பொருத்தும் மலிவான எல்இடி பல்ப். ரிமோட் கிட்டப் போனால் வேலை செய்கிறது, தெருவிலிருந்து செய்யவில்லை, அதுவும் லைட் எரியும்போது மட்டும் என்றால், பல்பைக் கழற்றிவிட்டு அமத்திப் பாருங்கள். அதற்கும் முன் சுவரில் உள்ள பொத்தானில் பூட்டுப் படம் போட்ட இடத்தை யாராவது தெரியாமல் அமத்தினார்களா என்று பாருங்கள். அது ரிமோட்டுகளை முழுவதும் நிறுத்திவிடும். பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

இனி, மக்கள் அதிகம் திட்டும் பாகம். கதவின் இரு பக்கத்திலும் நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் இருக்கும் இரண்டு கண்கள். கதவு இறங்கத் தொடங்கி மறுபடி மேலே போகிறது, லைட் பத்துத் தடவை மினுங்குகிறது, சுவர்ப் பொத்தானை விடாமல் அமத்திப் பிடித்தால் மட்டும் மூடுகிறது என்றால் அந்தக் கண்களில்தான் குறை. சிலந்திவலை இருக்கலாம். பனி அள்ளும் சவள் இடித்துத் தகடு வளைந்திருக்கலாம். காரிலிருந்து வடியும் உப்பு நீர் வயரை அரித்திருக்கலாம். ஒரு கண்ணில் பச்சை வெளிச்சம் அசையாமல் எரிய வேண்டும். நடுங்கினால் திருகைத் தளர்த்தி நேராக்க வேண்டும். மேற்குப் பார்த்த வீட்டில் பின்னேரம் மட்டும் கதவு மூடவில்லை என்றால், சாயும் வெயில், மற்றக் கண் அனுப்பும் ஒளியை வாங்கும் கண்ணில் நேரே விழுகிறது. இரண்டு கண்களையும் பக்கம் மாற்றி வைத்தால் தீர்ந்துவிடும்.

இந்தக் கண்கள் வந்தது குழந்தைகள் செத்ததால். 1980களில் அமெரிக்காவில் தானாக இறங்கும் கதவின் கீழ் அகப்பட்டு பல பத்துக் குழந்தைகள் இறந்தார்கள். பொத்தானை அமத்திவிட்டுக் கதவு நிலத்தைத் தொடுமுன் ஓடி வெளியே வருவது அவர்களுக்கு விளையாட்டு. தடை பட்டால் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாடு அப்போதே இருந்தது. ஆனால் கதவு ஒரு பிள்ளையின் உடம்பில் பட்ட பிறகுதான் அது யோசிக்கும், சரிசெய்யாத பெட்டியில் அதுவும் யோசிக்காது. 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டது. 1993 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து தயாரிக்கும் ஒவ்வொரு வீட்டு ஓப்பனருக்கும், இந்தக் கண்களோ, கதவின் விளிம்பில் தொடுவதை உணரும் பட்டையோ, அதற்கு இணையான வேறு ஏற்பாடோ கட்டாயம். கனடாவில் நாங்கள் பொருத்துவதும் அதே பெட்டிகள்தான்.

அந்த இரண்டு கண்களையும் கழற்றி, ஒன்றையொன்று பார்க்கும்படி ரேப் சுற்றி, முகட்டில் கட்டிவைத்திருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். கதவு நன்றாக மூடுகிறது. பெட்டிக்கு யாரும் குறுக்கே இல்லை என்றே தெரிகிறது. வேறு பழுதுக்காக அழைத்திருந்தாலும், அந்தக் கண்களைக் கீழே இறக்கிப் பூட்ட வீட்டுக்காரர் சம்மதித்தால்தான் என் கருவிப் பெட்டியைத் திறப்பேன். சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். அதனால் இழந்த வேலைகளுக்காக நான் வருந்தவில்லை.

மிக அண்மையில் சேர்ந்த பாகம் பற்றரி. 2017 ஒக்ரோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்றது. கராஜ் கதவைத் திறக்க முடியாமல் முதியவர்கள் உள்ளே அகப்பட்டு இறந்தார்கள். 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் விற்கும் ஓப்பனர்களுக்குப் பற்றரி கட்டாயம். சிவப்புக் கயிறு எல்லாப் பெட்டியிலும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை இழுக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கவில்லை, இழுத்தாலும் கதவைத் தூக்கும் பலம் எல்லோருக்கும் இருக்கவில்லை. 1926-இல் ஜான்சன் யாரை நினைத்து மோட்டரைப் பொருத்தினாரோ, அவர்கள்தான் மறுபடியும் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

ஆகவே, இதை வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று பின்னேரம் கதவின் கீழே நடுவில் இரண்டுக்கு நான்கு மரத்துண்டொன்றைத் தட்டையாக வைத்து மூடுங்கள். கதவு அதைத் தொட்ட இரண்டு வினாடிக்குள் திரும்பி ஏற வேண்டும். பிறகு கதவு இறங்கும்போது தும்புத்தடியைக் கண்களுக்குக் குறுக்கே நீட்டுங்கள், அப்போதும் திரும்ப வேண்டும். கதவு மூடியிருக்கும்போது வீட்டிலுள்ள வயதானவரைக் கூட்டிவந்து சிவப்புக் கயிற்றை இழுக்கப் பழக்குங்கள். மூன்றில் ஒன்று சரிவராவிட்டாலும் மோட்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு, தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.