எட்டு மைல் இருப்புப்பாதை

தைப்பிங் நகரிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் செல்லும் சாலையில் நடப்போர் சிம்பாங், மாத்தாங் ஆகிய ஊர்களைக் கடந்து, கோலா செபெத்தாங் என்னும் மீனவர் பட்டினத்தை அடைவர். தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அந்நாள் கணக்கில் எட்டு மைல். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது இவ்வட்டாரத்திலேதான். புகைவண்டி தொட்டுச் சென்ற ஊர்களையே இச்சாலையும் தொட்டுச் செல்வதால், இவ்வழியே கால்நடையாகச் செல்வது நம் நாட்டு வரலாற்றின் ஊடே நடப்பதற்கு ஒப்பாகும்.

இப்பாதை தோன்றக் காரணம் ஈயம். லாரூட்டின் ஈய லம்பங்களை முன்னிட்டுச் சீனக் குழுக்களிடையே மூண்ட கலகங்களைத் தொடர்ந்து, 1874 ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை பேராக்கில் ஆங்கிலேயரின் ஆதிக்கத்திற்கு வழி திறந்தது. தோண்டிய ஈயத்தை யானை மீதும் மாட்டு வண்டியிலும் ஏற்றிக் கடற்கரை சேர்ப்பதோ பெரும்பாடாக இருந்தது. ஹியூ லோ பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் இதற்குத் தீர்வாக இருப்புப்பாதை அமைந்தது. கடற்கரை முனையிலிருந்த துறைமுகம், ஆளுநர் சர் ஃபிரடெரிக் வெல்டின் பெயரால் போர்ட் வெல்ட் எனப்பட்டது.

ஆளுநரையும் ரெசிடெண்டையும் ஏடுகள் குறித்து வைத்துள்ளன. பாதையை இட்ட கைகள் யாருடையவை? இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட 'பயனியர்' தொழிற்படையின் இரு பிரிவுகளே இவ்வேலையைச் செய்து முடித்தன. இலங்கையில் சாலைகளையும் பாலங்களையும் அமைத்துப் பழகிய அப்படையில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரே பெரும்பாலோர். அவர்களைப் படைப்பிரிவு என்ற பொதுப்பெயரில் அடக்கிவிட்டு வரலாறு மேலே சென்றுவிட்டது.

மாத்தாங்கைக் கடந்ததும் நிலம் தாழ்கிறது. காற்றில் உப்பு மணக்கிறது. அலையாத்திக் காடு தொடங்குகிறது. ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் பரப்புள்ள மாத்தாங் காட்டுப் பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறையாகப் பேணப்பட்டு வருகிறது. முப்பது ஆண்டுச் சுழற்சியில் பாக்காவ் மரங்களை வெட்டுவதும், வெட்டிய இடத்தில் காடு மீண்டும் வளர இடங்கொடுப்பதும் இங்குள்ள நடைமுறை. அம்மரங்கள் கரி அடுப்புகளில் வெந்து கரியாகின்றன. காட்டினுள்ளே போடப்பட்டுள்ள மரப்பலகை நடைபாதையில் நின்று கீழே பாருங்கள். வேர்கள் பின்னிக் கிடக்கும் சேறு. நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதம். இத்தகைய மண்ணுக்கருகே இரும்பை நிலைநிறுத்துவது எத்துணை உழைப்பைக் கேட்டிருக்கும் என்பதை எந்த ஏட்டையும்விட இச்சேறு நன்கு உணர்த்துகிறது.

இப்பாதையின் பெருவாழ்வு நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1903 ஆம் ஆண்டளவில் பிறையிலிருந்து சிரம்பான் வரை இருப்புப்பாதை இணைந்ததும், சரக்கு பினாங்கை நோக்கித் திரும்பிற்று. சிறு துறைமுகம் பின்தங்கியது. காலப்போக்கில் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. ஆளுநரின் பெயரும் நிலைக்கவில்லை. ஊர் கோலா செபெத்தாங் ஆயிற்று.

எஞ்சியிருப்பவை பயணச்சீட்டு வழங்கிய சிறு இடமும் பழைய பெயர்ப்பலகையுமே. அப்பலகையில் போர்ட் வெல்ட் என்னும் பெயர் ரோமன், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் படிக்கத் தெரிந்தோர் இந்நிலையத்தில் ஏறி இறங்கினர் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. பயனியர் படையினருக்குப் பின் இரயில்வேயில் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். பாதையைச் செப்பனிடும் கூட்டங்களில் தமிழகத்துத் தொழிலாளர் பாடுபட்டனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

பாட்டனார் இரயில்வேயில் வேலை செய்தார் என்று மட்டும் அறிந்த குடும்பங்கள் நம்மில் எத்தனையோ! எந்த நிலையம், எந்த ஆண்டு, என்ன வேலை என்று கேட்பதற்கு முதியோர் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வைத்தல் நம் கடமையாகும். ஒருமுறை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இந்த எட்டு மைலை நடந்து வாருங்கள். வழியின் முடிவில் நிற்கும் அப்பலகையிலுள்ள தமிழெழுத்தை அவர்களே படிக்கட்டும். யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்ற கேள்வி அவர்கள் வாயிலிருந்தே பிறக்கும்.