மின்சாரப் படகும் அதன் கட்டுச்சோறும்



நெடும்பயணம் புறப்படுவோர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வது நம் நாட்டு வழக்கம். சோறு எத்தனை வேளைக்குத் தாங்கும், மூட்டை சுமக்கத் தக்கதா, வழியில் சத்திரம் உண்டா என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே அவர்கள் படியிறங்குவர். மின்சாரத்தால் ஓடும் படகின் வரலாறும் இம்மூன்று கேள்விகளின் வரலாறே ஆகும். பல ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்தவன் என்னும் முறையில் அதனை உங்கள் முன் வைக்கின்றேன்.

1838-ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், மோரிட்ஸ் யாகோபி என்னும் அறிஞர் நேவா ஆற்றிலே ஒரு படகை மின்சாரத்தால் செலுத்திக் காட்டினார். துத்தநாகமும் செம்பும் கொண்ட முந்நூறுக்கு மேற்பட்ட மின்கலங்கள் அதற்குத் தேவைப்பட்டன. மறு ஆண்டில் பிளாட்டினம் கொண்ட வலிய மின்கலங்களை அமைத்துக்கொண்டார். வேகம் மிகுந்தது, ஆயினும் நைட்ரிக் அமிலத்திலிருந்து எழுந்த நச்சுப்புகை படகிலிருந்தோரை வருத்தியது. மோட்டார் தோற்கவில்லை, கட்டுச்சோறே தோற்றது. அம்மின்கலங்களில் மின்சாரம் பிறக்கப் பிறக்கத் துத்தநாகம் கரைந்து தீரும். நிலக்கரியை எரிப்பதைக் காட்டிலும் துத்தநாகத்தைக் கரைப்பது பன்மடங்கு செலவாயிற்று.

தீர்ந்த கலத்தை மீண்டும் நிரப்ப இயலுமா? இக்கேள்விக்கு 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே விடை கண்டார். இரு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை உட்செலுத்தினார். செலுத்தியதன் பெரும்பகுதியை அக்கலம் திருப்பித் தந்தது. எனினும் நிரப்புவதற்கு மலிவான மின்சாரம் அக்காலத்தில் இல்லை. 1871-இல் கிராம் என்பவரின் டைனமோ வந்தது. 1881-இல் காமில் ஃபோர், ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின்மேல் பூசி, கலத்தின் கொள்ளளவைப் பெருக்கினார். ஒருவர் விதைக்க, மற்றொருவர் நீர் பாய்ச்ச, மூன்றாமவர் எருவிட்டார் என்று கொள்ளலாம்.

அதே 1881-இல் குஸ்தாவ் த்ரூவே என்பவர், சுக்கானோடு இணைத்துக் கழற்றி மாட்டத்தக்க சிறு மின்மோட்டாரைப் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஓட்டினார். மறு ஆண்டில் ஈயக் கலங்கள் பூண்ட படகொன்று லண்டனில் தேம்ஸ் ஆற்றில் ஓடிற்று. சில ஆண்டுகளில் அவ்வாற்றங்கரையில் மின்னேற்று நிலையங்கள் தோன்றின. சத்திரம் அமைந்ததும் பயணமும் பெருகிற்று. 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கு மேற்பட்ட மின்படகுகள் மக்களை ஏற்றிச் சென்றன.

பின்னர்ப் பெட்ரோல் எஞ்சின் வந்தது. ஒரு சிறு தகரத்தில் அடங்கும் எண்ணெய், பெரும் ஈயச் சுமை தரும் ஆற்றலினும் மிகுதியாகத் தந்தது. மின்படகு பின்வாங்கியது, ஆனால் அழியவில்லை. பவேரியாவின் கோனிக் ஏரியில் 1909 முதல் மின்படகுகளே பயணிகளை ஏற்றி வருகின்றன. ஓசையின்மையும் நீர்த் தூய்மையும் அங்கே விலைமதிப்புள்ளவை. மீன்பிடிப்போருக்கும் ஓசையின்மை வேண்டுமன்றோ? 1934-இல் அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலத்தில் ஓ. ஜி. ஷ்மித் என்பவர், மோட்டார் காரை முடுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு, தூண்டிற்படகை மெல்லச் செலுத்தும் கருவியை அமைத்தார்.

மோட்டார் காரிலிருந்து பிறந்ததால், காரின் பாட்டரியே அதற்குப் போதும் என்று கருதுதல் பிழை. காரின் பாட்டரி, மெல்லிய தகடுகள் பல கொண்டு, சில நொடிகளுக்குப் பெருமின்னோட்டம் தருவதற்கென அமைந்தது. படகுக்கு வேண்டுவதோ, மணிக்கணக்கில் சீராக வழங்கும் தடித்த தகடுகளுடைய பாட்டரி. முன்னது ஓட்டப் பந்தய வீரன். பின்னது சுமை தூக்கி நெடுவழி நடப்பவன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய பாட்டரியைக் கருதுங்கள். பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறுகும். ஆகவே பயன்படுவது 50 ஆம்பியர்-மணியே. மோட்டார் 25 ஆம்பியர் இழுக்குமாயின் இரண்டு மணி நேரப் பயணம். போகும் வழிக்கு ஒரு மணி, திரும்பும் வழிக்கு ஒரு மணி. இக்கணக்கை மறந்தவன் நடு ஏரியில் நிற்பான், துடுப்பே துணை.

கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 ஆம்பியர் அளவில் மின்னேற்றினால், ஐந்து மணியில் பெரும்பகுதி நிரம்பும். இறுதிப் பகுதி மெல்ல நிரம்புமாதலால் ஓரிரவு விடுதல் நன்று. வெறுமையாகவே நாள் பல விட்டால் தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிப்போகும். மின்னேற்றுகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். காற்றோட்டமுள்ள இடத்திலே, நெருப்பை அகற்றிச் செய்யவேண்டிய பணி அது.

இன்று லித்தியம் பாட்டரிகள் வந்துள்ளன. அவற்றை ஆக்கித் தந்த குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். ஈயத்தினும் எடை மிகக் குறைவு. கொள்ளளவில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். விலையோ மிகுதி. அவற்றுக்கென அமைந்த மின்னேற்றியே வேண்டும். உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றலும் ஆகாது.

மாணவர்களே! நேவா ஆற்றில் யாகோபி கண்ட தடை நீங்க, ஈயத்தை ஆய்ந்தவரும், டைனமோவைச் செய்தவரும், கரையில் நிலையம் அமைத்தவரும் வேண்டியிருந்தனர். ஒரு கண்டுபிடிப்பின் பெயரையும் ஆண்டையும் படிக்கும்போதெல்லாம், அதற்கு உணவளித்தது எது, அவ்வுணவு எங்கே நிரப்பப்பட்டது என்று கேளுங்கள். வரலாறு உங்களோடு பேசத் தொடங்கும்.