ஆயி மண்டபமும் எங்கள் வீட்டு மல்லிகையும்

நேற்று ராத்திரி நல்ல மழை. விடிந்தும் விடியாமல் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு டிரம்மும் கழுத்து வரை நிரம்பி நின்றன. முழங்கால் வலி வந்த பிறகு என் மனைவி மாடி ஏறுவதில்லை. கீழே இருந்தபடியே, "ரொம்பிருச்சா?" என்று கேட்டாள். "ரொம்பிருச்சு" என்றேன். "அப்ப மூடியப் போட்டுட்டு வாங்க, கொசு வரும்" என்றாள்.

இந்த டிரம்கள் எங்கள் மாடிக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் புதுச்சேரியில் தொடங்க வேண்டும். திண்டுக்கல் வீட்டு மாடிக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் படித்தது பிரெஞ்சு மொழிவழிப் பள்ளியில். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள் 1962 ஆகஸ்ட் 16. அப்போது எனக்குப் பதினொரு வயது. கொடி மாறியும் எங்கள் வகுப்பில் பாடம் மாறவில்லை. சேன் நதி எங்கே உற்பத்தியாகிறது, லுவார் எந்தக் கடலில் கலக்கிறது என்றெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். வீட்டுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

அதைச் சொன்னது என் தாத்தா. சாயங்காலம் ஆளுநர் மாளிகைக்கு எதிரே உள்ள பூங்காவுக்கு என்னைக் கூட்டிப் போவார். இன்றைக்கு அது பாரதி பூங்கா. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு மண்டபம் இருக்கும். நான்கு பக்கமும் வளைவு வாசல், கிரேக்கக் கோயில் மாதிரித் தூண்கள். "இது யாரு வீடு தாத்தா?" என்று கேட்டேன். "வீடு இல்லாதவ வீடு" என்றார். அப்புறம் கதை சொன்னார்.

பதினாறாம் நூற்றாண்டு. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, ராத்திரியில் விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னதும் ராஜாவுக்குக் கோபம் வந்து, இடித்துத் தள்ளச் சொல்லிவிட்டார். ஆயி ஒரே ஒரு வரம் கேட்டாள். என் வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிக் கொடுக்கிறேன். அப்படி வெட்டியதுதான் முத்திரையர்பாளையத்துக் குளம் என்பார்கள். இது செவிவழிக் கதை. சொல்கிறவருக்குத் தக்கபடி ராஜாவின் பெயர்கூட மாறும். ஆயியின் பெயர் மட்டும் மாறாது.

அதற்குப் பிறகு நடந்தது கதையல்ல. கடலோரத்தில் இருந்த பிரெஞ்சு நகரத்தில் நல்ல குடிநீருக்குப் பஞ்சம். மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில், அதாவது 1852-க்கும் 1870-க்கும் நடுவில், லாமெரெஸ் என்ற பொறியாளர் முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வைத்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்ததுதான் அந்த மண்டபம். ஆயியின் கதையைக் கேட்டு நெகிழ்ந்து சக்கரவர்த்தியே அவள் பெயரை வைக்கச் சொன்னார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். இன்றைக்குப் புதுச்சேரி அரசின் சின்னமே அந்த மண்டபம்தான். அதே ஊரில் 1870-ல் துய்ப்ளேக்கும் சிலை வைத்தார்கள். கவர்னர், யுத்தம் செய்தவர், சிலை வைக்கக் காரணம் இருக்கிறது. ஆனால் ஒரு அரசாங்கம் தண்ணீருக்கு மண்டபம் கட்டி, அதில் ஒரு தாசியின் பெயர் நிலைத்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

1975-ல் மத்திய அரசுத் தேர்வு எழுதி, எழுத்தர் வேலை கிடைத்து, திண்டுக்கல்லுக்கு வந்தேன். அப்போது இது மதுரை மாவட்டத்தில் ஒரு ஊர்தான். தனி மாவட்டம் ஆனது 1985-ல். பூட்டு, புகையிலை, தோல் என்று வியாபாரம் தெருவெல்லாம் நடக்கும். கடற்கரையும் நேர்நேரான வீதிகளும் சிலைகளும் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. மணிக்கூண்டு பக்கம் டீ குடிக்கும்போதெல்லாம், "இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று சக ஊழியர்களிடம் அலுத்துக்கொள்வேன். அவர்கள் பாவம், கையை நீட்டி மலையைக் காட்டுவார்கள். தலையணைத் திண்டு போல ஊர் நடுவே படுத்திருக்கும் மொட்டைப் பாறை; திண்டு, கல், ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். முப்பத்தைந்து வருஷம் அதைத் தினமும் பார்த்தேன். ஒரு தடவைகூட ஏறவில்லை. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, உண்மை அதுதான்.

பாறையின் மேல் இருக்கும் கோட்டையின் வரலாற்றைப் பணிக்காலத்திலேயே படித்திருந்தேன், புத்தகத்தில் மட்டும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் தொடங்கிய கோட்டை. திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். பிறகு மைசூர்க்காரர்கள் கைக்குப் போனது. 1755-ல் ஹைதர் அலியை இங்கே பௌஜ்தாராக அனுப்பினார்கள். அவர் அப்போது ராஜாவும் இல்லை, நவாபும் இல்லை. ஒரு படைத்தலைவர், அவ்வளவுதான். பேகம்பூர் என்று நாம் சொல்கிற பகுதியின் பெயரில் இருக்கும் பேகம் அவருடைய சகோதரி.

இங்கேதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வருகிறது. மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் சொல்கிறார்: ஹைதர் திண்டுக்கல்லில் இருந்தபோது பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்துப் பீரங்கிப் படையும் ஆயுதச்சாலையும் அமைத்தார். துய்ப்ளேயைப் பாரிசுக்குத் திருப்பி அழைத்தது 1754-ல். அதற்கு அடுத்த வருஷமே ஹைதர் இங்கே வந்துவிட்டார். என் பள்ளிப் புத்தகத்தில் துய்ப்ளே கப்பலேறியதோடு பாடம் முடிந்துவிடும். நான் அலுத்துக்கொண்ட இந்த ஊரில், நான் படித்த மொழியைப் பேசியவர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்பே வந்து உலை மூட்டியிருக்கிறார்கள்!

அதற்குப் பிறகு அந்தக் கோட்டை கைமாறிய வேகத்தைப் பாருங்கள். 1767-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அடுத்த வருஷம் ஹைதர் மீட்டார். 1783-ல் மறுபடி ஆங்கிலேயர், 1784 மங்களூர் உடன்படிக்கையில் திரும்ப மைசூருக்கு. 1790-ல் மூன்றாம் முறை பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையோடு திண்டுக்கல் கம்பெனிக்கே சொந்தமாகிவிட்டது.

ஓய்வு பெற்ற மறு வருஷம் கோடை விடுமுறைக்குப் பேரன் வந்தான். அவன் பிடிவாதத்தில்தான் ஏறினேன். பாறையிலேயே வெட்டிய படிகள். வெயிலில் பாதி தூரம் போனதும் பையன், "தாத்தா, தண்ணி" என்றான். பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். முகம் வாடியபடி அவன் கேட்டான்: "மேல இருந்த சோல்ஜர்ஸ் தண்ணிக்கு என்ன பண்ணுனாங்க?"

எத்தனை முற்றுகை, எந்த வருஷம் என்று எல்லாம் தெரியும் எனக்கு. இதற்குப் பதில் தெரியவில்லை.

மேலே போனதும் பாறை பதில் சொன்னது. உச்சியில் கிணறு வெட்ட முடியாது, முழுக்கக் கல். ஆனால் கல் என்பதால்தான் ஒரு சொட்டு மழையையும் அது உறிஞ்சாது. எல்லாம் சரிந்து ஓடும். ஓடி வரும் இடத்தில் பள்ளங்களில் நீர் தேங்குகிறது. நாங்கள் போனபோது பாசி பிடித்த நீர் கொஞ்சம் கிடந்தது. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தால்கூட 100 பேருக்கு மாதம் 15,000 லிட்டர் வேண்டும். அதை மாட்டில் ஏற்றிக்கொண்டு வர முடியாது, கீழே எதிரி நிற்கிறான். வானம் கொடுத்ததைப் பிடித்து வைத்தால்தான் உண்டு. பிரெஞ்சில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு 'ஷாத்தோ தோ' என்று பெயர். நேராகச் சொன்னால் தண்ணீர்க் கோட்டை. சின்ன வயதில் அந்தச் சொல் வேடிக்கையாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பாறை மேல் நின்றபோது வேடிக்கையாக இல்லை.

கீழே இறங்கி வரும்போதே எங்கள் வீட்டு மல்லிகை நினைவு வந்துவிட்டது.

என் மனைவிக்குப் பிறந்த வீடு நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகை மணக்கும் மண். அவள் அம்மா காலமான பிறகு வீட்டையும் தோட்டத்தையும் விற்றார்கள். விற்பதற்கு முன்னால் ஒரு பதியனை வெட்டி எடுத்துவந்து, மாடியில் நான்கு தொட்டியில் பெருக்கி வைத்திருந்தாள். அம்மாவிடமிருந்து அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். அந்தச் செடிகள் இரண்டு வருஷமாகக் கருகிக்கொண்டிருந்தன. இலை ஓரம் தீய்ந்தது போல் பழுப்பாகும், மொட்டு சிறுத்து உதிரும். எரு மாற்றினோம், மண் மாற்றினோம். மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தோம். உப்பு.

திண்டுக்கல்லில் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பது புதிய செய்தி இல்லை. தோல் பதனிட உப்பு மூட்டை மூட்டையாக வேண்டும். கழிவோடு அது நிலத்தில் இறங்கியது. 1996-ல் வேலூர்ப் பக்கத்து மக்கள் அமைப்பு ஒன்றின் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், ஐந்து மாவட்டங்களில் மாசு உண்டாக்கும் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் திண்டுக்கல்லும் ஒன்று. குடிக்க நமக்கு ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றினோம். நிலத்தில் என்றால் மழையில் உப்பு கரைந்து கீழே இறங்கிவிடும். தொட்டியில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கும். நாமே தினமும் இரண்டு வேளை உப்பு ஊற்றி வளர்த்தால் செடி என்ன செய்யும்?

2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, நானும் ஒரு குழி தோண்டினேன். சரிபார்க்க வருவார்கள் என்பதற்காகத் தோண்டிய குழி. குழாயைக்கூட அதில் சரியாகச் சேர்க்கவில்லை. வாழ்நாளெல்லாம் பிறர் படிவத்தில் விடுபட்டதைச் சுட்டிக்காட்டிச் சம்பளம் வாங்கியவன், என் வீட்டுப் படிவத்தை இப்படித்தான் நிரப்பினேன்.

பேரன் ஊருக்குப் போன வாரமே கணக்குப் போட்டேன். எங்கள் மாடி 600 சதுர அடி, சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 1,400 லிட்டர். ஒரே ராத்திரியில் இவ்வளவையும் தெருச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். 200 லிட்டர் டிரம் நான்கு வாங்கினேன். அதிலும் ஒரு சங்கதி. பழைய நீல டிரம் வாங்கப் போனபோது, "உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டு வாங்குங்க, தோல் மருந்து டிரம்மா இருக்கப் போவுது" என்று மனைவி எச்சரித்தாள். மாம்பழக் கூழ் வந்த டிரம்களாகத் தேடிப் பிடித்தேன். வாசனை போக ஒரு மாதம் ஆனது, எறும்பு போக இரண்டு மாதம்.

முதல் பத்து நிமிட மழையை மாடி கழுவ விட்டுவிட வேண்டும். அப்புறம் குழாயைத் திருப்பி, வாயில் வேட்டித் துணி கட்டி டிரம்மில் விட வேண்டும். நிரம்பி வழிவது அந்தப் பழைய குழிக்கு, இப்போது ஒழுங்காகக் குழாய் சேர்த்த குழிக்கு. முதல் ஐப்பசியில் தொட்டிகளை மழைநீரால் நன்றாக அலசி, உப்பு கீழே வடியும் வரை ஊற்றினேன். இரண்டு செடி பிழைத்தன. இரண்டு போய்விட்டன. பிழைத்ததிலிருந்து பதியன் போட்டு மறுபடி நான்கு ஆக்கினோம். நாளைக்குத் தொட்டிக்கு 2 லிட்டர், நான்குக்கு 8. தை பிறக்கும்போது 800 லிட்டர் கையில் இருந்தால் நூறு நாள், சித்திரை வரை ஓடும். மற்ற செடிகள் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஒரு பழைய நோட்டில் வரவு செலவு எழுதி வைத்திருக்கிறேன், மனைவி கேட்டால் காட்ட வேண்டுமே.

அவள் மாடிக்கு வர முடியாததால் காலையில் மொட்டைப் பறித்துக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நேற்று சாயங்காலம் அவள் தொடுத்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கட்டுரை எழுதப் போவதைச் சொல்லி ஆயி கதையை மறுபடி ஆரம்பித்தேன். பல தடவை கேட்ட கதைதான். நாரை முடிச்சுப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவள், "வீட்ட இடிச்சப்புறம் அவ எங்க போய் இருந்தா?" என்றாள்.

அறுபது வருஷமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தாத்தாவிடம் நான் அதைக் கேட்கவே இல்லை.