சோழர் பொற்காசும் ஆடவல்லான் நிறையும்

பொன்னின் விலை அதன் மாற்றாலும் நிறையாலும் அமைவது. அப்பொன் காசாக அடிக்கப்படுங்கால், அதன்மேற் பொறித்த இலச்சினை அரசன் ஆணையை ஊர்தோறும் கொண்டுசெல்லும் தூதாகின்றது. உரோம வேந்தர் தலையுருப் பொறித்த பொற்காசுகள் பண்டு மிளகின்பொருட்டுத் தமிழகக் கடற்றுறைகளில் வந்திறங்கியபொழுது, அவ்வேந்தர் புகழும் உடன்வந்து இறங்கிற்று.

தஞ்சையிலிருந்து ஆண்ட சோழர் இவ்வுண்மையை நன்குணர்ந்தவராவர். முதலாம் இராசராசன் (985–1014) காசிற் புலி அமர்ந்திருக்க, அதனருகே பாண்டியர் கயலும் சேரர் வில்லும் ஒரு குடைக்கீழ் அமைந்துள்ளன. மூவேந்தர் நாடும் ஒரு கோற்கீழ் வந்தமையை எழுத்தறியாதாரும் இவ்வுருவாற் கண்டுகொள்வர். பெயரோ நாகரி எழுத்திற் பொறிக்கப்பட்டது; பிறநாட்டாரும் படித்தறிதற்பொருட்டு இங்ஙனம் செய்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். அவன் மைந்தன் இராசேந்திரன் 'கங்கைகொண்ட சோழன்' என்னும் வெற்றிப்பெயரையே காசிற் பொறித்தான்.

ஈழத்தில், ஒருபுறம் நின்ற கோலமும் மறுபுறம் அமர்ந்த கோலமுமாக மன்னனுருக் கொண்ட இராசராசன் காசுகள் வழங்கின. 1070-இல் முதலாம் விசயபாகு அங்குச் சோழராட்சியை ஒழித்தான். பின்னரும் ஈழ மன்னர் அவ்வமைப்பிலேயே தத்தம் பெயர் பொறித்துக் காசடித்தனர். ஆட்சி நீங்கியும் அச்சு நீங்கிற்றிலது.

இனி, இக்காசு தஞ்சை இராசராசேச்சரத்திற் புகுந்தவிடத்து நிகழ்ந்தது ஆராயத்தக்கது. அரசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் ஸ்ரீவிமானத்துச் செம்புத் தூபித்தறியில் வைக்க 3,083 பலம் நிறையுள்ள செப்புக்குடம் அளித்து, அதன்மேற் போர்க்க 2,926½ கழஞ்சு பொன்னும் ஈந்தான். கோயிற் பண்டாரத்துக் காசுகளைக் காவிரிநாட்டு ஊர்ச்சபையார் வட்டிக்குப் பெற்றனர். காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு வட்டி. சிலவூரார் அதனை நெல்லாக அளந்தனர். அக்கோயிலிற் பொன்னை நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். நெல்லை அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லானே.

காசின்மேல் நின்றது வேந்தன் பெயர். அதனை நிறுத்த கல்லின்மேல் நின்றது கூத்தப்பெருமான் பெயர். உலகை ஒரு குடைக்கீழ்ப் படுத்தியதாகப் பறைசாற்றிய மன்னனே, தன்னைச் சிவபாதசேகரன் என வழங்கி, தன் பொன்னின் உண்மையை இறைவன் நிறைக்கு ஒப்புவித்தான். ஆணை அச்சினால் அறியப்படும். மெய்ம்மை நிறையினாலேயே துணியப்படும் என்பது இதனாற் பெறப்படும்.