நெடுவழியும் சிறு நோயாளியும்

நெடுந்தூர யாத்திரை நம் மக்களுக்குப் புதிதன்று. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் நடந்தவர்களுக்காக வழியெங்கும் சத்திரங்கள் எழுந்த வரலாற்றை நாம் அறிவோம். புற்றுநோயுற்ற குழந்தையுடன் பெற்றோர் மேற்கொள்ளும் யாத்திரையோ வேறு வகையது. ஒருமுறை சென்று மீண்டதும் அது முடிந்துவிடுவதில்லை. மாதந்தோறும், சில வேளைகளில் வாரந்தோறும், அதே வழியில் செல்ல வேண்டியிருக்கும். அந்த வழியின் வரலாற்றை மட்டாஞ்சேரியில் நின்று சற்றே நோக்குவோம்.

மட்டாஞ்சேரித் தெருக்களில் மலையாளத்தோடு கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் தலைமுறைகளாக ஒலித்து வருகின்றன. சோரனூரிலிருந்து எறணாகுளத்துக்கு இருப்புப்பாதை வந்தது 1902இல். அந்நாளில் மட்டாஞ்சேரிவாசி காயலைத் தோணியில் கடந்தே ரயிலேற வேண்டும். சென்னைக்கு அப்போதே தொடர்பு கிடைத்தது. தெற்கே செல்லும் பாதையோ 1956இல் கோட்டயம் வரையிலும், 1958இல் கொல்லம் வரையிலுமே வந்து சேர்ந்தது. ஆகவே, திருவனந்தபுரம் அருகிலிருந்தும், ரயில் வழியில் சென்னையே முதலில் எட்டக்கூடியதாயிற்று.

பாதை உண்டானதனால் மட்டும் பயன் என்ன? சென்று சேரும் இடத்தில் சிகிச்சை இருத்தல் வேண்டுமன்றோ! இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தை பெரும்பாலும் சில மாதங்களுக்குள் மாண்டுபோன காலம் அது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், நோயைச் சிறிது காலமேனும் தணிக்கும் மருந்தொன்றைக் கண்டு 1948இல் உலகுக்கு அறிவித்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள், நம் வீட்டுத் தோட்டங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்தும் மருந்து பிறந்தது. பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறை வளர வளர, நோய் தீரும் குழந்தைகள் பெருகினர். இன்று வசதி மிக்க நாடுகளில், நிணநீரணு வகை இரத்தப் புற்றுநோய் கண்ட பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். ஆயின், அச்சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். ஆயுள் நீண்டபோது வழிப்பயணமும் உடன் நீண்டது.

தமிழகத்தில் இப்பணிக்கு வித்திட்டவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், தனி மருத்துவமனை ஒன்று வேண்டுமென்று நெடுங்காலம் உழைத்தார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 கட்டில்களோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டு டாக்டர் சாந்தா அங்கே பணியேற்று, 2021இல் மறையும் வரை அதனோடு வாழ்ந்தார். 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு அங்கே தோன்றியது. கேரளத்தில் திருவனந்தபுரத்து வட்டாரப் புற்றுநோய் மையம் 1981இல் எழுந்தது. 1998இல் கொச்சியிலேயே அமிர்தா மருத்துவமனை வந்தது. இவ்வாறு நெடுவழி சிறிது சிறிதாகக் குறுகிற்று.

ஆயினும் தூரம் இன்னும் அழியவில்லை. நோயைக் காட்டிலும் தூரம் கொடிதாகும் கட்டம் ஒன்றுண்டு. குழந்தை முதல் சில மாதங்களில் தேறி ஓடி விளையாடத் தொடங்கும். அப்போது கடன் கழுத்தை நெரிக்கும். வீட்டில் விட்டுவந்த மற்றக் குழந்தை ஏங்கும். தந்தையின் வேலை ஆட்டங்காணும். 'குணமாகிவிட்டதே, இனி எதற்கு?' என்று மனம் சமாதானம் தேடும். பாதியில் நின்ற சிகிச்சை, மறைந்திருக்கும் நோய்க்கு வழிவிடுவதாகும். பெற்றோரின் அன்புக் குறையால் இது நேர்வதன்று. வழிச்செலவாலும் தங்குமிடமின்மையாலும் நேர்வது.

இதனை உணர்ந்தே உதவிகள் தோன்றின. 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மருத்துவமனைக்கு அருகே நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்கள் தங்குவதற்கென ஒரு வீடு திறக்கப்பெற்றது. நம் நாட்டில் 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்கள், சென்னை முதலிய நகரங்களிலும் இத்தகைய குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இடமளிக்கின்றன. பழைய சத்திர தருமத்தின் புதிய வடிவம் இதுவே எனலாம். இந்திய ரயில்வேயும், சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ செல்லும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதி வகுப்பிலும் மூன்றாம் குளிர்சாதன வகுப்பிலும் முழுச் சலுகை தருகிறது. துணை செல்பவருக்கு அவ்வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு சலுகை உண்டு. மருத்துவமனை ஒப்பமிட்ட உரிய படிவம் ஒன்றே இதற்கு வேண்டுவது.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் மேலும் சில செய்திகளை மனத்திற் கொள்ளல் நலம். தாய்மொழியில் பேசும் மருத்துவரை நாடித் தொலைதூரம் செல்ல விழைவது இயற்கையே. அங்ஙனம் செல்வோர், இடையிலே செய்யத்தக்க இரத்தப் பரிசோதனைகளை உள்ளூரிலேயே முடிக்க இயலுமா எனத் தலைமை மருத்துவரிடம் கேட்டறிதல் வேண்டும். மருத்துவக் குறிப்புகளின் நகலும் ஒரு வெப்பமானியும் எப்போதும் கையில் இருக்கட்டும். மருந்தேறிய நாட்களில் குழந்தையின் உடல் எதிர்ப்பாற்றல் குன்றும். வெப்பம் செல்சியஸில் 38 பாகையை எட்டினால், ஊர் சேரட்டும் என்று காத்திராமல், வழியிலுள்ள பெரிய மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும்.

அண்டை வீட்டார்க்கும் இதில் பங்குண்டு. அவர்கள் ஊர் சென்றிருக்கும் நாட்களில் மூத்த குழந்தைக்கு ஒருவேளை உணவிடுதலும், கடையைத் திறந்து வைத்தலும் நம்மால் ஆகாதவை அல்ல. அடுத்த தவணைக்கு அந்தப் பெற்றோர் மனந்தளராமல் ரயிலேற அவையே துணை புரியும்.