மலையேறும் ஜீப்பும் பூத்துப்போகும் பேட்டரி முனையும்

வில்லிஸ் ஜீப்புகளை 1940களின் பிற்பகுதியில் மஹிந்திரா நிறுவனம் இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. கம்பம், போடி ஆட்களைக் குமுளி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச்செல்லும் வண்டியாகப் பின்னாளில் ஜீப்பே நிலைத்தது. அதிலிருந்த பேட்டரியும் 1859இல் காஸ்டன் பிளாண்டே கண்ட ஈய அமில பேட்டரியின் வழிவந்ததுதான். சார்ஜ் ஏறுகையில் கசியும் அமில ஆவி முனைகளை அரிக்கும். ஈயத்தில் வெள்ளையாகவும் செம்புக் கம்பியில் நீலப்பச்சையாகவும் பூக்கும். டிஸ்டில்டு வாட்டரை அளவுக்கு மீறி ஊற்றினால் இன்னும் மோசம்.

மெக்கானிக்குகளின் வைத்தியம் எளியது: நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, நுரை அடங்கியதும் துடைத்து, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். கிளாம்பை முறுக்கிய பிறகே கிரீஸ் அல்லது வாசலின். மூடிய பேட்டரிகள் வந்ததும் இந்த வேலை வெகுவாகக் குறைந்தது.