கனடாவிலிருந்து வந்த மருமகள்

மறந்த மனுஷிகள் – 12

வாணர் தாம்போதியைக் கடந்து மடத்துவெளிக்குள் கால் வைத்தால் பூட்டிக் கிடக்கும் படலைகள்தான் முதலில் கண்ணில் படும். 1991இல் யாழ்ப்பாணத்தின் இந்தத் தீவுப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது புறப்பட்டவர்களில் பலர் திரும்பவே இல்லை. ரொறன்ரோவில் பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். இன்றும் ஊரில் கலியாணப் பேச்சு எழுந்தால், "மாப்பிள்ளை கனடாவோ?" என்பதுதான் முதற் கேள்வி.

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது எதிர்த்திசையில் வந்த மருமகளை. அவர் கனடாவிலிருந்து இங்கே வந்தார்.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் ஒன்ராறியோ மாகாணத்து எலோராவில் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே புதினமாயிருந்த காலத்தில் ரொறன்ரோவில் மருத்துவம் படித்தார். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனுக்குப் பெண் டாக்டர் தேவைப்பட்டது. ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசி, நோயோடு வீட்டுக்குள்ளேயே கிடந்த பெண்களுக்காக இணுவிலில் ஆஸ்பத்திரி ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அந்தப் பணிக்கே மேரி தெரிவானார்.

ஆனால், அமெரிக்காவில் படிக்க வந்திருந்த எஸ். சி. கே. ரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை அவர் 1896இல் மணந்திருந்தார். வெள்ளைக்கார மிஷனரிப் பெண் உள்ளூர்க்காரனைக் கட்டுவதா? மிஷன் அவரை ஏற்கவில்லை. தமிழ்ப் பெண்களுக்குத் தொண்டு செய்ய வந்தவருக்குத் தமிழனை மணந்ததே குற்றமாகிப்போனது.

அவர் கப்பலேறித் திரும்பிப் போய்விடவில்லை. கொழும்பு லேடி ஹவ்லொக் ஆஸ்பத்திரியில் கொஞ்சக் காலம் வேலை பார்த்தார். பிறகு சொந்தமாக வைத்தியம் செய்யத் தொடங்கினார். பிள்ளைப்பேற்றில் தாய் ஏன் சாகிறாள், குழந்தை ஏன் தேறவில்லை என்று தேடிப் போனவருக்கு மருந்துப் போத்தலுக்கு வெளியேதான் பல காரணங்கள் தெரிந்தன: சத்தில்லாத சாப்பாடு, அசுத்தத் தண்ணீர், எழுத்தறிவின்மை, வீட்டில் பெண்ணின் சொல் எடுபடாமை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். கருத்தடை பற்றி வாய்திறந்து பேசி வசவும் வாங்கினார். 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கம் தோன்றியபோதும் முன்னின்றவர்களில் அவர் ஒருவர்.

இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தது. பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்து அதன்முன் சாட்சி சொன்ன பெண்களோடு மேரி ரட்ணமும் இருந்தார். பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே எதிர்த்து நின்ற கோரிக்கை அது. முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் வாக்கு என்று குழு பரிந்துரைத்தது. 1931இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆண், பெண் இருபாலாருக்கும் இருபத்தொன்றாயிற்று.

தீவாருக்கு இதில் ஒரு சோகமும் உண்டு. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்காரத்தால் 1931 தேர்தலில் ஊர்காவற்றுறை உட்பட வடக்கின் நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுப் போடவில்லை. அந்த ஆசனங்கள் 1934இல்தான் நிரம்பின. கைக்கு வந்த வாக்கைத் தீவுப் பெண்கள் மூன்று வருஷம் முந்தானையில் முடிந்துவைக்க நேர்ந்தது.

வாக்கு கிடைத்தால் மட்டும் போதாது, கூடியிருந்து பேசிப் பழக வேண்டும் என்று மேரிக்குத் தெரிந்திருந்தது. ஒன்ராறியோவின் ஸ்ரோனி கிறீக்கில் 1897இல் தொடங்கிய கிராமப் பெண்கள் கழகங்களை முன்மாதிரியாக வைத்து 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. தையல், தோட்டம், சமையல், பிள்ளை வளர்ப்பு என்றுதான் சமிதி கிராமத்துக்குள் போனது. ஆனால் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரும் அந்தக் கிராமத்துப் பெண்களே. 1937இல் மேரி கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற்பெண் ஆனார். சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டிச் சில மாதங்களில் அவரை இறக்கினார்கள். சமிதி வேலைக்கு அது தடையாகவில்லை. 1941இல் சமிதியில் சேர்ந்து வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய் வேலை பழகியவர் சிறிமாவோ பண்டாரநாயக்க. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமர். 1958இல் மகசேசே விருது மேரியைத் தேடி வந்தபோது வயது எண்பத்தைந்து. 1962இல் காலமானார்.

மடத்துவெளி போன்ற ஊர்களில் இன்றிருக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அரசாங்கப் பதிவில் இயங்குபவை. மகிளா சமிதியின் கிளைகள் அல்ல. ஆனாலும் ஒரு பின்னேரக் கூட்டத்தில் போய்க் குந்திப் பாருங்கள். ஒருவரின் மடியில் பாதி இழைத்த பனையோலைப் பெட்டி. ஒருவர் சந்தாக் காசை எண்ணுகிறார். செயலாளர் கொப்பியை விரித்துப் போன கூட்டத்து அறிக்கையை வாசித்துவிட்டு, முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று கேட்டு எழுதுகிறார். தெருவில் 'இன்னாரின் பெண்சாதி', 'இன்னாரின் தாய்' என்று அறியப்படுகிறவர், அந்தக் கொப்பியில் மட்டும் தன் சொந்தப் பெயரோடு இருக்கிறார்.

இணுவிலில் வேலை கிடைக்காதவர் பெற்றுத் தர முயன்றது அந்த ஒரு வரியைத்தான்.

(அடுத்த வாரம்: 'தமிழ் மகள்' நடத்திய மங்களம்மாள் மாசிலாமணி)